பச்சை வாந்திக்குத் தொக்கம் எடுக்காதீர்கள்



இது கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் கைக்குழந்தை இருப்பவர்களும், பேரன் பேத்தியைப் பார்த்துக்கொள்ளும் என் வயதுக்காரர்களும் தயவுசெய்து கடைசிவரை படியுங்கள். நான் டாக்டர் இல்லை. ஆசிரியர் பயிற்சி முடித்துப் பிள்ளைகளோடு காலம் கழித்தவள். ஆனால் இந்த விஷயத்தைப் பற்றி நாற்பது வருடமாக விசாரித்துக்கொண்டும் படித்துக்கொண்டும் இருக்கிறேன். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

போன மாதம் ஒரு ராத்திரி எட்டு மணிக்கு நம் சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. "பாப்பாவுக்குக் காலையில இருந்து வாந்தி. போடியில நல்லா தொக்கம் எடுக்கிறவங்க யாராவது தெரியுமா?" குழந்தைக்கு ஏழு மாதம். கால் மணி நேரத்துக்குள் பதினோரு பதில் வந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு அம்மா இருக்கிறார், சின்னமனூரில் ஒரு பெரியவர் கைராசிக்காரர், கம்பத்தில் ஒருவர் ஊதினாலே சரியாகிவிடும் என்று ஆளாளுக்கு போன் நம்பர் போட்டார்கள். எல்லோரும் நல்ல எண்ணத்தில்தான் போட்டார்கள். ஆனால் வாந்தி என்ன நிறம், குழந்தை வெளிக்குப் போனதா, வயிறு உப்பியிருக்கிறதா என்று பதினோரு பேரில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

நான் உடனே அந்தப் பெண்ணுக்கு போன் போட்டேன். "எப்படி அழுகிறாள்?" என்று கேட்டேன். "திடீர் திடீர்னு வீறிட்டு அழுவுறா அத்தை, காலை வயித்தோட மடக்கிக்கிறா, கொஞ்ச நேரத்துல அசந்து தூங்கிடுறா, மறுபடி எந்திரிச்சு அழுவுறா" என்றாள். வாந்தி முதலில் பாலாக இருந்து, இப்போது பச்சையாக வருகிறதாம். "டயப்பரைப் பாத்தியா?" என்றேன். பார்த்துவிட்டு வந்து, "சிவப்பா ஜெல்லி மாதிரி இருக்கு அத்தை" என்றாள். குரல் மாறிவிட்டது. "தொக்கமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். இந்த நிமிஷமே வண்டியை எடுத்துக்கிட்டுத் தேனிக்குப் போங்க. குழந்தைக்குக் குடலடைப்பு மாதிரி தெரியுதுன்னு வாசல்லயே சொல்லுங்க" என்றேன்.

பத்து மணிக்குள் போய்ச் சேர்ந்தார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். குடலுக்குள் குடல் சொருகியிருந்தது. ஆபரேஷன் இல்லாமலே, ஆசனவாய் வழியாக அழுத்தம் கொடுத்துச் சொருகியதை வெளியே தள்ளிவிட்டார்கள். மறுநாள் மாலை பாப்பா பால் குடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். அப்பா அம்மா இருவரிடமும் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

இனி நம் குடும்பத்துப் பெரியவர்களுக்கு மட்டும் தெரிந்த ஒன்றைச் சொல்லப் போகிறேன். 1983-ல் என் அக்கா மகன் ஒன்பது மாதத்தில் தவறிப்போனான். "மாந்தம் வந்து போயிட்டான்" என்றுதான் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறோம். கொழுகொழுவென்று இருந்த பிள்ளை. நான்கு நாள் சளி பிடித்திருந்து சரியானது. ஐந்தாம் நாள் வீறிட்டு அழுதான், காலை மடக்கினான், வாந்தி எடுத்தான். பிறகு வாந்தி பச்சையாக வந்தது. மறுநாள் மலத்தில் ரத்தமும் சளியும் வந்தது. எல்லாம் போன மாதம் அந்தப் பெண் போனில் சொன்ன அதே அடையாளங்கள்தான்.

அப்போது வீட்டில் படித்தவள் நான் ஒருத்திதான். வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. "நீ என்னடி சொல்ற, ஆஸ்பத்திரிக்குப் போவமா?" என்று அக்கா என்னைத்தான் கேட்டாள். அம்மாச்சி தொக்கம் என்றார். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. பிள்ளையை என் தோளில் போட்டுக்கொண்டு தொக்கம் எடுக்கிறவரிடம் கூட்டிப்போனது நான்தான். அவர் வயிற்றில் எண்ணெய் விட்டு நீவினார், தொண்டைக்குள் விரலை விட்டார், ஒரு சோற்றுப் பருக்கையை எடுத்துக் காட்டினார். வீட்டுக்கு வந்து விளக்கெண்ணெய் கொடுத்தோம். இரண்டு நாள் போய்விட்டது. மூன்றாம் நாள் மதுரை பெரியாஸ்பத்திரிக்கு பஸ்ஸில் கிளம்பினோம். உசிலம்பட்டி தாண்டும்போது அக்கா மடியிலேயே போய்விட்டான்.

என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்து இப்போது டாக்டராக இருக்கும் ஒருவரிடம் பல வருடம் கழித்து இதைச் சொன்னேன். "பார்க்காம அடிச்சுச் சொல்ல முடியாது டீச்சர். ஆனா நீங்க சொல்றது அத்தனையும் குடல் சொருகலுக்குப் பொருந்துது" என்றார். அக்கா இப்போது இல்லை. யாரையும் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. குற்றம் என்றால் என்னுடையதுதான். அக்கா கேட்டபோது என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. இனி உங்களை யாராவது கேட்டால் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் குடலடைப்பு என்றால் என்ன என்று பார்ப்போம்.

பிறந்த குழந்தைக்கே சிறுகுடல் சுமார் இரண்டரை மீட்டர் இருக்கும். அந்தச் சின்ன வயிற்றுக்குள் அது சுருண்டு சுருண்டு கிடக்கிறது. குடித்த பாலும் உமிழ்நீரும் இரைப்பை நீரும் அதன் வழியே கீழே இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஏதாவது ஓர் இடத்தில் வழி அடைபட்டால் மேலே உள்ளது இறங்க முடியாமல் தேங்கும். வயிறு உப்பும். தேங்கியது வாந்தியாக வரும். கீழே மலமும் காற்றும் போவது நின்றுவிடும். கல்லீரலில் சுரக்கும் பித்தநீர் இரைப்பையைத் தாண்டி, சிறுகுடலின் தொடக்கத்தில்தான் வந்து சேர்கிறது. அதற்குக் கீழே அடைப்பு இருந்தால் அந்தப் பித்தநீர் மேலே ஏறிப் பச்சையாக வாந்தியில் வரும். அதனால்தான் குழந்தை பச்சையாக வாந்தி எடுத்தால், அடைப்பு இல்லை என்று உறுதியாகும்வரை அதை அவசரமாகவே டாக்டர்கள் பார்க்கிறார்கள்.

அடைப்போடு அந்தப் பகுதிக்கு ரத்த ஓட்டமும் நின்றுபோனால் குடல் அழுகத் தொடங்கும். இதை மணிக்கணக்கில்தான் எண்ண வேண்டும். "இன்னிக்கு ஒரு நாள் பாப்போம்" என்பதற்கு இதில் இடமில்லை.

அடைப்பு எதனால் வருகிறது? எனக்குத் தெரிந்தவரை எளிமையாகச் சொல்கிறேன்.

1. குடலுக்குள் குடல் சொருகுவது. முழுக்கைச் சட்டையை அவசரமாகக் கழற்றும்போது கைப்பகுதி உள்ளே மடிந்துகொள்ளும் அல்லவா, அதுபோலக் குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் நுழைந்துகொள்ளும். மூன்று மாதத்திலிருந்து மூன்று வயது வரை வரலாம். ஒரு வயதுக்குள்தான் அதிகம். பெரும்பாலும் நன்றாக இருந்த பிள்ளைக்குத்தான் வரும். சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்குக்குப் பிறகு குடலில் உள்ள நெறிகட்டிகள் வீங்குவது ஒரு காரணம். அழுகை விட்டு விட்டு வருவதால், நடுவில் குழந்தை தூங்குவதைப் பார்த்து "சரியாயிடுச்சு" என்று நாம் ஏமாந்துவிடுகிறோம். சீக்கிரம் கொண்டுபோனால் பெரும்பாலான குழந்தைகளுக்குக் காற்றையோ உப்புநீரையோ செலுத்தியே சரிசெய்துவிடலாம். ஹெரால்டு ஹிர்ஷ்ஸ்பிரங் என்ற டென்மார்க் நாட்டுக் குழந்தை மருத்துவர் நீரழுத்தத்தால் இதைச் சரிசெய்ததை 1876-லேயே எழுதிவைத்துவிட்டார். அதற்கு நூற்று ஏழு வருடம் கழித்து நாங்கள் விளக்கெண்ணெய் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

2. பிறவிக் கோளாறுகள். சில குழந்தைகளுக்குக் கருவிலேயே குடல் சரியான இடத்தில் அமையாமல், பிறந்த பிறகு முறுக்கிக்கொள்ளும். முதல் மாதத்தில்தான் இது அதிகம். இதில் ரத்த ஓட்டமே நின்றுவிடும் என்பதால் மிகவும் ஆபத்து. சில குழந்தைகளுக்குக் குடலில் ஓரிடத்தில் வழியே இருக்காது, அல்லது ஆசனவாய் திறந்திருக்காது. இன்னும் சிலருக்குப் பெருங்குடலின் கடைசிப் பகுதியில் நரம்பு அணுக்கள் இல்லாததால் மலம் அங்கே நகராது. இந்த நோய்க்கு அதே ஹிர்ஷ்ஸ்பிரங்கின் பெயர்தான். 1886-ல் அவர்தான் இதை விவரித்தார். பிறந்த குழந்தை 24 மணி நேரத்துக்குள் கருப்பாக முதல் மலம் போய்விட வேண்டும். போகவில்லை என்றால் நர்ஸிடம் சொல்லுங்கள். "எங்க பரம்பரைக்கே லேட்டாத்தான் போகும்" என்று சமாதானம் சொல்லாதீர்கள்.

3. குடலிறக்கம். ஆண் குழந்தைகளுக்கு, அதிலும் குறைமாதத்தில் பிறந்தவர்களுக்கு, அழும்போது தொடை இடுக்கில் ஒரு புடைப்பு தெரியும். அழுகை நின்றதும் உள்ளே போய்விடும். "வளர்ந்தா சரியாயிடும்" என்பது இங்கே தவறு. ஒரு நாள் அந்தப் புடைப்பு உள்ளே போகாமல் கல்போல இறுகி, குழந்தை வாந்தி எடுத்தால், குடல் அங்கே சிக்கிவிட்டது என்று அர்த்தம். புடைப்பை முதலில் பார்த்தபோதே டாக்டரிடம் காட்டிவிட்டால் அந்த நிலை வராது.

4. குடற்புழு. இது நம் மலைச்சரிவுக்குத் தெரிந்த விஷயம். நாக்குப்பூச்சி என்று நாம் சொல்லும் உருண்டைப்புழு 20 முதல் 35 சென்டிமீட்டர் வரை வளரும். ஒரு பெண் புழு ஒரு நாளைக்குச் சுமார் இரண்டு லட்சம் முட்டை போடும். வெட்டவெளியில் மலம் கழித்தால் அந்த முட்டைகள் மண்ணில் சேரும். ஈரமும் நிழலும் உள்ள மண்ணில் அவை நீண்ட காலம் உயிரோடு இருக்கும். ஏலத் தோட்டத்து மண் எப்படிப்பட்டது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மண்ணில் விளையாடிய கையோடு சாப்பிடும் பிள்ளையின் வயிற்றுக்குள் அவை போகும். புழுக்கள் ஏராளமாகச் சேர்ந்துவிட்டால் கயிறு சுருட்டியதுபோல உருண்டையாகிக் குடலை அடைத்துவிடும். வாயிலும் மூக்கிலும் புழு வந்த பிள்ளைகளை நானே வகுப்பில் பார்த்திருக்கிறேன். 2015-லிருந்து தேசிய குடற்புழு நீக்க நாள் நடக்கிறது. பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் 1 முதல் 19 வயது வரை அல்பெண்டசோல் மாத்திரை கொடுக்கிறார்கள். "சூடு, வேண்டாம்" என்று பிள்ளைகளைத் தடுக்காதீர்கள். ஆனால் ஏற்கெனவே வயிறு உப்பி வாந்தி எடுக்கும் பிள்ளைக்கு நீங்களாகப் பூச்சி மாத்திரை கொடுக்காதீர்கள். அதை டாக்டர் முடிவு செய்யட்டும்.

5. விழுங்கும் பொருள்கள். புளியங்கொட்டையோ பத்துப் பைசா நாணயமோ பெரும்பாலும் தானே வெளியே வந்துவிடும். இப்போது வீடுகளில் இருக்கும் சில பொருள்கள் அப்படி இல்லை. பொம்மைகளில் வரும் சின்னக் காந்தங்கள் இரண்டு உள்ளே போனால், இரண்டு குடல் மடிப்புகளுக்கு நடுவே ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொண்டு குடலையே ஓட்டை போட்டுவிடும். தண்ணீரில் போட்டால் கோலிக்குண்டு அளவுக்குப் பெருக்கும் கலர் மணிகள் வயிற்றுக்குள்ளும் அப்படியே பெருக்கும். பட்டன் பேட்டரி உணவுக்குழாயை அரித்துவிடும். மூன்றுக்குமே விழுங்கியது தெரிந்த உடனே, வாந்தி வரும்வரை காத்திராமல், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

தலைமுடியையும் சேர்த்துச் சொல்கிறேன். 2020 ஜனவரியில் கோயம்புத்தூரில் 13 வயதுப் பெண் ஒருத்தியின் வயிற்றிலிருந்து அரைக் கிலோ முடியையும் காலி ஷாம்பு பாக்கெட்டுகளையும் ஆபரேஷன் செய்து எடுத்ததைச் செய்தித்தாளில் நீங்களும் படித்திருப்பீர்கள். முடியைத் தின்னும் பிள்ளைக்கு மனதில் ஏதோ கஷ்டம் இருக்கும். அடித்துத் திருத்த முடியாது. ஆசிரியர்களாக இருக்கும் என் மாணவிகள் வகுப்பில் இதைக் கவனியுங்கள்.

6. பழைய ஆபரேஷன். ஒரு முறை வயிற்றில் ஆபரேஷன் ஆன குழந்தைக்கு, உள்ளே தழும்பு நார் போலக் கட்டிப் பல வருடம் கழித்துக்கூடக் குடலை இறுக்கலாம். அப்படிப்பட்ட பிள்ளை வயிறு உப்பி வாந்தி எடுத்தால் பழைய ஆபரேஷன் சீட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

இந்தப் பட்டியலை ஒரு முறை திரும்பப் பாருங்கள். சொருகியது, முறுக்கியது, இறுகியது, புழு உருண்டை, காந்தம். இதில் எதைத் தொண்டைக்குள் விரலை விட்டோ, வெளியே இருந்து ஊதியோ எடுக்க முடியும்?

தொக்கத்தைப் பற்றி என் கருத்தை இப்போது வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். முந்தாநாள் சாப்பிட்ட சோறு தொண்டையிலோ இரைப்பையிலோ இன்றுவரை ஒட்டிக்கொண்டு இருக்காது. சாப்பிட்டது சில மணி நேரத்தில் இரைப்பையை விட்டு இறங்கிவிடும். உண்மையிலேயே மூச்சுக்குழாயில் சிக்கியிருந்தால் குழந்தை மூச்சு விடவே திணறும், உங்களோடு ஆட்டோவில் வந்து வரிசையில் உட்கார்ந்திருக்காது. அப்படியானால் எடுத்துக் காட்டும் அந்தப் பருக்கை எங்கிருந்து வந்தது? அதற்கான பதிலை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். ஏழு மாதம்கூட ஆகாமல் தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தையின் தொண்டையிலிருந்து முறுக்குத் துண்டு எடுத்துக் காட்டியதாக என்னிடம் சொன்னவர்கள் உண்டு.

"ஆனா டீச்சர், எங்க பிள்ளைக்குத் தொக்கம் எடுத்த மறுநாளே சரியாயிடுச்சே" என்பீர்கள். உண்மைதான். குழந்தைகளுக்கு வரும் வாந்தியில் பெரும்பாலானது கிருமியால் வருவது, ஒன்றிரண்டு நாளில் தானே நின்றுவிடும். எடுத்தாலும் நிற்கும், எடுக்காவிட்டாலும் நிற்கும். நின்ற பெருமை தொக்கம் எடுத்தவருக்குப் போகிறது. நிற்காமல் போன பிள்ளையைப் பற்றி யாரும் குழுவில் எழுதுவதில்லை. எங்கள் வீட்டிலேயே நாற்பது வருடம் எழுதவில்லையே.

நீவுவதும் சும்மா போவதில்லை. அடைபட்டு உப்பியிருக்கும் குடலை எண்ணெய் விட்டு அழுத்தினால் கிழியக்கூட வாய்ப்புண்டு. பேதிக்குக் கொடுத்தால் அடைப்புக்கு மேலே அழுத்தம் கூடும். இவற்றையெல்லாம்விடப் பெரிய கெடுதல், அந்த இரண்டு நாள் போய்விடுவதுதான். உரம் விழுந்தது என்று சேலையில் போட்டு உருட்டுவதற்கும், குடலேற்றம் என்று தட்டுவதற்கும் இதையேதான் சொல்வேன். வயிற்று வலிக்கு ஓமத் தண்ணீர் கொடுக்கும் அப்பத்தாவோடு எனக்குச் சண்டை இல்லை. வாந்தி பச்சையாக மாறிய பிறகும் ஓமத் தண்ணீர் போதும் என்று சொன்னால்தான் சண்டை.

எல்லா வாந்திக்கும் பதற வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. வாந்தியோடு வயிற்றுப்போக்கும் இருந்து, குழந்தை தெளிவாக விளையாடிக்கொண்டு, சிறுநீர் போய்க்கொண்டிருந்தால், ஓஆர்எஸ் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டினால் போதும். இரண்டு நாள் மலம் கழிக்காமல் வயிறு வலிக்கிறது என்னும் பள்ளிப் பிள்ளைக்குப் பெரும்பாலும் வெறும் மலச்சிக்கல்தான். தண்ணீரும் கீரையும் பழமும் போதும்.

சொட்டு மருந்து பற்றியும் சிலர் கேட்கிறீர்கள். "ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து கொடுத்தா குடல் சொருகிக்குமாமே, கொடுக்கலாமா?" இந்தப் பயத்துக்கு ஒரு பழைய காரணம் உண்டு. அமெரிக்காவில் 1998-ல் வந்த ஒரு ரோட்டா தடுப்பு மருந்தால் சில குழந்தைகளுக்குக் குடல் சொருகியதாகத் தெரிந்து, 1999-லேயே அதை நிறுத்திவிட்டார்கள். அந்த மருந்து இப்போது கிடையாது. நம் நாட்டில் உருவான ரோட்டாவேக் மருந்தை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, டெல்லி, புனே ஆகிய இடங்களில் ஆயிரக்கணக்கான குழந்தைகளிடம் சோதித்தார்கள். 2016-ல் அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்த பிறகு, பல மாநில ஆஸ்பத்திரிகளில் குடல் சொருகலோடு வந்த குழந்தைகளைத் தனியாகக் கணக்கெடுத்து ஆராய்ந்தார்கள். இந்த மருந்தால் குடல் சொருகல் கூடவில்லை என்ற முடிவு 2020-ல் வெளியானது. தமிழ்நாட்டில் 2017-லிருந்து 6, 10, 14 வாரங்களில் கொடுக்கிறார்கள். தைரியமாகக் கொடுங்கள், தேதி தவறாமல் கொடுங்கள். கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் மேலே சொன்ன அடையாளங்களைக் கவனிக்க வேண்டியது நம் வேலை.

இனி நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கலைச் சொல்கிறேன். தொக்கத்துக்குப் போகிறவர்களை அறிவில்லாதவர்கள் என்று திட்டுவது எளிது. அவர்கள் நிலையில் நின்று பாருங்கள். போடியிலிருந்தும் தேவாரம், கோம்பை, கம்பம் பக்கத்திலிருந்தும் விடியற்காலையில் ஜீப் ஏறி ஏலத் தோட்ட வேலைக்குப் பெண்கள் மேலே போகிறார்கள். கைக்குழந்தை பாட்டியிடம் இருக்கும். போடிமெட்டுக்குப் பதினேழு கொண்டை ஊசி வளைவு. ஜீப் திரும்புவது சாயங்காலம்தான். தோட்டத்துக்குள் பாதி இடத்தில் சிக்னல் கிடையாது. பத்து மணிக்குப் பச்சை வாந்தி எடுத்த குழந்தையைப் பற்றி அம்மாவுக்கு ஆறு மணிக்குத்தான் தெரிகிறது. பாட்டிக்குத் தனியாக ஆஸ்பத்திரி போகத் தைரியம் இல்லை. போனால், "இவ்வளவு நேரம் என்னம்மா பண்ணீங்க" என்று திட்டு விழும் என்ற பயம் வேறு. தொக்கம் எடுக்கிறவர் திட்டுவதில்லை. பக்கத்துத் தெருவில் இருக்கிறார், உடனே பார்க்கிறார், நூறு ரூபாயோடு முடிந்துவிடுகிறது. பாட்டி அங்கே போவதில் ஆச்சரியம் என்ன? குரங்கணிக்கு மேலே ஜீப் போகாத ஊர்களில் இருப்பவர்களின் பாடு இதைவிடக் கஷ்டம்.

அதனால் சிலரிடம் தனித்தனியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

தோட்டம் வைத்திருக்கும் என் மாணவர்களே, கங்காணிகளே: குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்று கீழேயிருந்து தகவல் வந்தால், அந்தப் பெண்ணின் அன்றைய கூலியைப் பிடிக்காமல் உடனே இறக்கி விடுங்கள். சிக்னல் கிடைக்கும் இடத்தில் ஒரு போனை வைத்து, அந்த நம்பரை ஒவ்வொரு வீட்டிலும் கொடுத்து வையுங்கள். ஒரு நாள் ஏலக்காய் எடுப்பு குறைந்தால் தோட்டம் ஒன்றும் நஷ்டப்பட்டுவிடாது.

ஜீப் ஓட்டும் தம்பிகளே: பச்சை வாந்தி எடுக்கும் குழந்தையை ஏற்றினால், வழியில் ஆள் சேரட்டும் என்று நிற்க வேண்டாம்.

நர்ஸாகவும் டாக்டராகவும் இருக்கும் என் பிள்ளைகளே: தாமதமாக வந்த பாட்டியைத் திட்டாதீர்கள். இன்று நீங்கள் திட்டினால், அடுத்த வீட்டுக் குழந்தைக்கு அவர் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்ல மாட்டார்.

அம்மாக்களே, அம்மாச்சிகளே, அப்பத்தாக்களே: கீழே உள்ளதை ஒரு தாளில் எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டி வையுங்கள்.

உடனே கிளம்ப வேண்டிய அடையாளங்கள்: பச்சை வாந்தி. வயிறு உப்பி இறுகுவது. மலமும் காற்றும் போகாமல் நிற்பது. விட்டு விட்டு வீறிட்டு அழுது காலை மடக்குவது. மலத்தில் ரத்தம் அல்லது சிவப்பு ஜெல்லி. தொடை இடுக்கில் உள்ளே போகாத புடைப்பு. குழந்தை துவண்டு, கூப்பிட்டாலும் கவனிக்காமல் கிடப்பது. இதில் ஒன்று இருந்தாலே போதும், எல்லாம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

செய்ய வேண்டியது: 108-க்குக் கூப்பிடுங்கள், அல்லது கையில் கிடைக்கும் வண்டியில் கிளம்புங்கள். பால், தண்ணீர், கஷாயம், விளக்கெண்ணெய் எதுவும் வாய் வழியாகக் கொடுக்காதீர்கள். வாந்தி பட்ட துணியையும் டயப்பரையும் துவைக்காமல், எறியாமல் எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, கடைசியாக எப்போது மலம் போனது என்று சொல்லுங்கள். போடி அரசு மருத்துவமனையில் முதலுதவி செய்து, தேவை என்றால் க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ மதுரைக்கோ அனுப்புவார்கள். அனுப்பினால் வீட்டுக்குப் போய் யோசித்துவிட்டுப் போகலாம் என்று திரும்பாதீர்கள், நேராகப் போங்கள். 1983-ல் எங்களுக்கு மதுரையை விட்டால் வேறு வழியில்லை. இப்போது நம் மாவட்டத்திலேயே மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. பணத்தை நினைத்துப் பயப்பட வேண்டாம், அரசு மருத்துவமனையில் இதற்குச் செலவு இல்லை.

கடைசியாக நம் வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரு வேண்டுகோள். இனி யாராவது "தொக்கம் எடுக்கிறவங்க தெரியுமா" என்று கேட்டால் விலாசம் போடாதீர்கள். "வாந்தி என்ன நிறம்?" என்று திருப்பிக் கேளுங்கள். பச்சை என்று பதில் வந்தால், நேரம் எத்தனை ஆனாலும் போன் போட்டுக் கிளம்பச் சொல்லுங்கள். யாரும் எடுக்கவில்லை என்றால் எனக்குப் போடுங்கள், ராத்திரி இரண்டு மணியானாலும் எடுப்பேன்.

அக்கா மகன் இருந்திருந்தால் இந்த வருடம் அவனுக்கு நாற்பதைத் தாண்டியிருக்கும். இதைப் படித்துவிட்டு உங்களுக்குத் தெரிந்த ஒரு பாட்டியிடமாவது வாயால் சொல்லிவிடுங்கள். பாட்டிகள் முகநூல் படிப்பதில்லை.

அன்புடன்,
உங்கள் டீச்சர்
போடிநாயக்கனூர்